றம்பொடை இறக்கத்தில் காற்று 8இலிருந்து 5க்கு விழுகிறது: கொம்பிரஷர் மாற்ற வேண்டுமா?

கொத்மலை_லொறி

வணக்கம். ஆறு சில்லு லொறி, இந்தியத் தயாரிப்பு. முழு எயார் பிரேக், ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக்கின் தளர்வைச் சரிசெய்கிற கை) கையால் டைட் பண்ணுகிற வகை. பாரத்தோடு 16 தொன் வரும். நுவரெலியாவில் மரக்கறி ஏற்றி லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது மூன்று பிரச்சினை.

லபுக்கலையில் 8 பார் காட்டுகிற கேஜ், றம்பொடை வளைவுகளைத் தாண்டுவதற்குள் 5க்கு வந்துவிடுகிறது. சமதரையில் நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டால் திரும்பவும் 8க்கு ஏறும். இரண்டாவது, கீழே வரவர பெடலை இன்னும் இன்னும் அழுத்தினால்தான் வேகம் குறைகிறது, பின் வலது சில்லில் லைனர் கருகிய வாடை. மூன்றாவது, காலையில் ஹேண்ட் பிரேக்கை எடுத்தாலும் பின்சில்லு பிடித்துக்கொண்டே இருந்து, கொஞ்சம் நகர்த்தினால் "டக்" என்று விடுகிறது.

கராஜில் கொம்பிரஷர் தேய்ந்துவிட்டது, மாற்று என்கிறார்கள். பெரிய செலவு. அதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வெலிமடை_பாஸ்

தம்பி, இப்போதைக்குக் கொம்பிரஷரில் கை வைக்க வேண்டாம். அது நல்லதா இல்லையா என்று ஒரு மணிக்கூட்டை வைத்தே பார்த்துவிடலாம்.

சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பெடலைப் பலமுறை மிதித்து காற்றை 5 பாருக்குக் கீழே இறக்குங்க. பிறகு இஞ்சினை உச்ச ஆர்.பி.எம்.இல் பிடித்து, ஊசி 6இலிருந்து 7க்கு ஏற எத்தனை விநாடி என்று பாருங்க. 45 விநாடிக்குள் ஏறினால் கொம்பிரஷரில் குறை இல்லை. ஏறவில்லை என்றாலும் உடனே மாற்றக் கூடாது. கொம்பிரஷர் காற்று இழுக்கிற வழி அடைத்திருக்கலாம், அதிலிருந்து ட்ரையருக்கு (காற்றின் ஈரத்தை எடுக்கிற பாகம்) போகிற பைப்புக்குள் கரி கட்டியிருக்கலாம். அந்தப் பைப்பைக் கழற்றி உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது கசிவு. காற்று முழுதாக ஏறியதும் இஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்க. 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு பெடலை முழுதாக மிதித்துப் பிடியுங்க. மிதித்தவுடன் ஊசி கொஞ்சம் விழும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஊசி நின்ற இடத்திலிருந்து ஒரு நிமிடத்தில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது. 3 பி.எஸ்.ஐ. என்றால் 0.2 பார்தான். டாஷ்போர்ட் கேஜில் அதைப் படிக்க முடியாது. டாங்கியில் இருக்கிற டெஸ்ட் பொயின்டில் பி.எஸ்.ஐ. கேஜ் ஒன்றைப் பூட்டிப் பாருங்க.

எனக்குச் சந்தேகம் இந்த இரண்டிலும் இல்லை. பிரேக் சேம்பரிலிருந்து வெளியே வருகிற புஷ் ரொட் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதில்தான்.

பெடலை மிதித்தால் ஃபுட் வால்வு காற்றை விடும், அது சேம்பருக்குள் ரப்பர் டயஃப்ரத்தைத் தள்ளும், டயஃப்ரம் புஷ் ரொட்டைத் தள்ளும், புஷ் ரொட் ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்பும், அது சில்லுக்குள் இருக்கிற எஸ் வடிவக் கேமைத் திருப்பும், கேம் லைனர் பூட்டிய இரண்டு சூவையும் டிரம்மில் அழுத்தும். 30ஆம் நம்பர் சேம்பர் என்றால் டயஃப்ரத்தின் பரப்பு 30 சதுர அங்குலம். 100 பி.எஸ்.ஐ. காற்று போனால் 3000 இறாத்தல், அதாவது 1360 கிலோ தள்ளும். இந்தத் தள்ளல் ஏறக்குறைய 2 அங்குலம் வரைக்கும்தான் முழுதாகக் கிடைக்கும். மொத்த ஓட்டமே இரண்டரை அங்குலம். 2ஐத் தாண்டினால் தள்ளும் சக்தி விறுவிறென்று குறைந்து, கடைசியில் டயஃப்ரம் சேம்பரின் சுவரில் போய் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் டிரம்முக்கு ஒன்றும் போகாது.

இதோடு இறக்கத்தைச் சேருங்க. நுவரெலியா 1868 மீற்றர், கம்பளை 500க்குச் சற்றுக் கீழே. 16 தொன் 1400 மீற்றர் இறங்கினால் வெளியே போக வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 220 மெகாஜூல். 6 லீற்றர் டீசலை எரித்தால் வருகிற சூடு அது. இஞ்சினும் டயரும் ஒரு பங்கை எடுக்கும், மிச்சமெல்லாம் டிரம்முக்கு. டிரம் சூடானால் விரியும், லைனரை விட்டு வெளிப்பக்கமாக விலகும். 300 பாகை ஏறினால் புஷ் ரொட் 10 மி.மீ.க்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். கராஜில் குளிர்ந்த டிரம்மில் 48 மி.மீ. அளந்து "சரி" என்று விட்ட பிரேக், றம்பொடையில் எல்லையைத் தாண்டிவிடுவது இப்படித்தான்.

காற்று விழுவதற்கும் காரணம் இதுவே. புஷ் ரொட் 35 மி.மீ. ஓடினால் ஒரு சேம்பர் நிரம்ப 0.7 லீற்றர் இடம். 57 மி.மீ. ஓடினால் 1.1 லீற்றர். ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் காற்று போகிறது. இறக்கத்தில் நூறு முறை மிதித்தால் கணக்கு என்னாகும் என்று பாருங்க.

அளக்கிற விதம்: சமதரை, சில்லுகளுக்குக் கட்டை, காற்று 6 முதல் 7 பார் வரை, இஞ்சின் நிறுத்தியிருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் எடுத்திருக்க வேண்டும். புஷ் ரொட் சேம்பருக்குள் நுழைகிற இடத்தில் சோக்கால் கோடு போடுங்க. இன்னொருவர் பெடலை முழுதாக மிதித்துப் பிடிக்க, அந்தக் கோடு எவ்வளவு வெளியே வந்தது என்று அளங்க. 30ஆம் நம்பருக்கு எல்லை 51 மி.மீ., 24க்கு 44 மி.மீ. மலைநாட்டில் ஓடுகிற வண்டிக்கு எல்லையில் நிற்பது போதாது, அதைவிட 10 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். ஒரே அச்சின் இடதும் வலதும் 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்படவும் கூடாது.

வாடை வருகிற வலது சில்லை மட்டும் பார்க்காதீங்க. இடது சில்லு வேலை செய்யாவிட்டால் அதன் பாரத்தையும் வலதுதான் சுமக்கும். இறக்கத்தின் அடியில் நிறுத்தி, டிரம்மைத் தொடாமல் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்க. குளிர்ந்திருக்கிற சில்லைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.

டயஃப்ரம்24

பாஸ் சொன்னதெல்லாம் முழு எயார் பிரேக்குக்கு. ஜப்பான் லொறி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன்.

நடுத்தர ஜப்பான் லொறிகளில் நிறைய எயார் ஓவர் ஹைட்ரோலிக். காற்று எயார் மாஸ்டரை மட்டும் தள்ளும், அங்கிருந்து சில்லுக்குப் போவது பிரேக் ஒயில். அதில் புஷ் ரொட்டும் இல்லை, ஸ்லாக் அட்ஜஸ்டரும் இல்லை. இறக்கத்தில் அதற்கு வருகிற ஆபத்து வேறு: ஒயில் கொதிப்பது. டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை தாங்க வேண்டும், ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 140 ஆகிவிடும். டொட் 4க்கு 230, 155. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பாதி வருடம் மூடுபனியில் நிற்கிற வண்டிக்கு ஒயிலை வருடா வருடம் மாற்றுவதே நல்லது. கொதித்த ஒயிலில் ஆவி இருக்கும், ஆவி அமுங்கும், சில்லுக்கு அழுத்தம் போகாது. அந்த நேரத்திலும் காற்றுக் கேஜ் 8 பாரைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். ஊசியைப் பார்த்து பிரேக் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

வெலிமடை_பாஸ்

உண்மை, நல்ல நேரத்தில் சொன்னீங்க.

டைட் பண்ணுகிற விதத்தையும் எழுதிவிடுகிறேன். கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு (காற்று 6 பாருக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங் பாதி பிடித்திருக்கும்), ஸ்லாக் அட்ஜஸ்டரின் போல்ட் தலையைச் சுத்தம் பண்ணுங்க. அதைச் சுற்றியிருக்கிற லொக் வளையத்தை ஸ்பானரால் உள்ளே அழுத்தித் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம் என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். கேம் ஷாஃப்டைப் பார்த்துக்கொண்டே திருப்புங்க. பெடலை மிதித்தால் அது எந்தப் பக்கம் சுழலுமோ அதே பக்கம் சுழல வேண்டும். புஷ் ரொட் சேம்பரை விட்டு வெளியே இழுபட்டால் நீங்க எதிர்ப்பக்கம் திருப்புறீங்க.

சூ டிரம்மில் இறுகி போல்ட் நிற்கும் வரை திருப்பி, அங்கிருந்து அரைச் சுற்று தளர்த்துங்க. லொக் வளையம் வெளியே துள்ளி வந்து போல்ட் தலையைப் பிடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்க. வளையம் உள்ளேயே சிக்கியிருந்தால் ஓட்டத்தில் போல்ட் தானாகத் தளர்ந்துவிடும். கடைசியில் டிரம்மைச் சுத்தியலால் தட்டுங்க. மணி மாதிரிக் கேட்டால் சூ விட்டிருக்கிறது. மொத்தையான சத்தம் என்றால் இன்னும் உரசுகிறது.

சூடான டிரம்மில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. விரிந்த டிரம்முக்கு இறுக்கினால், இரவில் அது குளிர்ந்து சுருங்கும்போது சூவைக் கவ்விக்கொள்ளும்.

ஓட்டோமெட்டிக் ஸ்லாக் அட்ஜஸ்டர் இருக்கிற வண்டியில், ஓட்டம் கூடிவிட்டது என்று கையால் இறுக்கி அனுப்பினால் சில நாளில் பழைய நிலைக்கே வரும். கிளெவிஸ் பின் (புஷ் ரொட்டை ஸ்லாக் அட்ஜஸ்டரோடு இணைக்கிற பின்), கேம் புஷ் (கேம் ஷாஃப்டைத் தாங்குகிற வளையம்), பூட்டிய கோணம், இவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது அல்லது பிழை என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஹப்புத்தளை_இறக்கம்

பிரேக் எவ்வளவு சரியாக இருந்தாலும் கியர் பிழை என்றால் அதே கதைதான். ஹப்புத்தளையிலிருந்து பெரகலை, எல்லவிலிருந்து வெல்லவாய, றம்பொடை எல்லாவற்றுக்கும் இது பொது.

கொம்பிரஷர் இஞ்சினோடு சுழல்கிறது. பெரிய கியரில் இஞ்சின் 900 ஆர்.பி.எம்.இல் முனகிக்கொண்டிருந்தால் காற்றும் அதற்கேற்ற அளவுதான் வரும். சின்ன கியரில் 1800இல் ஓடினால் இரட்டிப்பு, எக்ஸ்ஹோஸ்ட் பிரேக்கும் (புகைக் குழாயை அடைத்து இஞ்சினால் வேகத்தைக் குறைப்பது) அப்போதுதான் நன்றாகப் பிடிக்கும். இறக்கத்தில் கேஜ் விழுந்து சமதரையில் நிறுத்தினால் ஏறுகிறது என்றால், பாதிக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கியரில் இருந்து அக்ஸிலரேட்டரில் காலை எடுத்தால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் இஞ்சினை ஓடவைக்கத்தான் டீசல் போகும். மிச்சமும் இல்லை, பிரேக்கும் இல்லை.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைப் போட்டுவிட வேண்டும். நடுவில் மாற்றப் பார்த்து கியர் விழாமல் போனால் வண்டி கையை விட்டுப் போய்விடும். 30 கிலோமீற்றர் பாதுகாப்பான வேகம் என்று வைத்தால், 30ஐத் தொட்டதும் உறுதியாக மிதித்து, மூன்று விநாடி அளவில் 22க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிடுங்க. திரும்ப 30 வரும்போது திரும்ப மிதியுங்க. லேசாக மிதித்தபடியே வந்தால், ஸ்லாக் இறுக்கமாக இருக்கிற ஒன்றிரண்டு சில்லுகளே முழு வேலையையும் செய்து கருகும். படபடவென்று மிதித்து மிதித்து விட்டால் காற்று தீரும்.

இன்னொன்று. வாடை வந்தவுடன் வழியில் பீலியைக் கண்டு நிறுத்தி டிரம்முக்குத் தண்ணி ஊற்றுவது. தயவுசெய்து செய்யாதீங்க. டிரம் வார்ப்பிரும்பு. சூட்டில் குளிர்ந்த தண்ணி பட்டால் வெடிப்பு விழும், உட்பக்கத்தில் விழுகிற வெடிப்பு வெளியே தெரியாது. சமதரையாகப் பார்த்து நிறுத்தி, கட்டை வைத்து, முடிந்தால் ஹேண்ட் பிரேக் போடாமல் அரை மணி நேரம் காற்றில் ஆற விடுங்க.

காலையில் பிடித்து "டக்" என்று விடுவது ஈரத்தால். நனைந்த லைனர் இரவு முழுக்க டிரம்மில் அழுந்தியிருந்தால் துருப் பிடித்து ஒட்டிவிடும். மழையில் வந்து நிறுத்தும்போது கடைசி 200, 300 மீற்றர் பெடலை லேசாக மிதித்தபடி வந்தால் டிரம் காய்ந்துவிடும். காலையில் 7 பார் ஏறும் வரை பொறுத்து எடுங்க. அதற்குப் பிறகும் ஒரு சில்லு விடவில்லை என்றால் சூவின் ரிட்டர்ன் ஸ்பிரிங்கைப் பாருங்க. டாங்கிகளில் தினமும் தண்ணி வடிக்கிறீங்களா? வெறும் தண்ணி என்றால் ட்ரையரின் காட்ரிஜ் முடிந்துவிட்டது. பால் மாதிரி வழுவழுப்பாக வந்தால் அதில் ஒயில் இருக்கிறது, அப்போதுதான் கொம்பிரஷர் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டும்.

கொத்மலை_லொறி

எல்லாருக்கும் பெரிய நன்றி. இன்று அளந்தது:

காற்று 6இலிருந்து 7க்கு ஏற 32 விநாடி. பிரேக் மிதிக்காமல் ஒரு நிமிடத்தில் 1 பி.எஸ்.ஐ. இறக்கம். மிதித்துப் பிடித்தால் 6 பி.எஸ்.ஐ., பின் இடது சேம்பர் பக்கம் "சூ" என்று சத்தம். புஷ் ரொட்: முன் இடது 36, முன் வலது 38 (இரண்டும் 24), பின் வலது 44, பின் இடது 57 (இரண்டும் 30). டாங்கியில் கொஞ்சம் தண்ணி, ஒயில் இல்லை.

பின் இடதை நீங்க சொன்ன மாதிரி டைட் பண்ணியும் 50க்குக் கீழே வரவில்லை. சேம்பரைக் கழற்றிப் பார்க்கலாமா?

வெலிமடை_பாஸ்

கழற்றுவதற்கு முன் இதை முழுதாக வாசியுங்க.

32 விநாடி என்றால் கொம்பிரஷர் பிரச்சினை முடிந்தது. மிதித்தால் மட்டும் கசிகிறது என்பதால் பின் இடது சேம்பரின் முன்பக்க டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, அல்லது அதன் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. சவர்க்காரத் தண்ணி பூசி, ஒருவர் மிதிக்கப் பாருங்க. கிளாம்ப் ஓரத்தில் குமிழ் வந்தால் கிளாம்ப், சேம்பரின் அடி ஓட்டையிலிருந்து காற்று வந்தால் டயஃப்ரம்.

பின்சில்லில் இருப்பது இரட்டைச் சேம்பர். முன்பாதி கால் பிரேக், பின்பாதிக்குள் ஹேண்ட் பிரேக் ஸ்பிரிங் அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. காற்று இருக்கும் வரை அது அடங்கியிருக்கும். காற்று 60 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் மெல்ல இழுக்கத் தொடங்கும், 45க்கும் 20க்கும் இடையில் முழுதாகப் பிடிக்கும். பின்பாதியைப் பூட்டியிருக்கிற வளையத்தை யார் சொன்னாலும் திறக்கக் கூடாது. அந்த ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் எதிரில் நிற்கிற ஆள் பிழைக்க மாட்டார். பழைய சேம்பரைக் கழித்துவிடும்போதும் அப்படியே, ஸ்பிரிங்கைக் கட்டாமல் பழைய இரும்புக்குப் போடக் கூடாது.

முன்பக்க டயஃப்ரத்தை மாற்றலாம். கட்டை வைத்து, காற்று முழுதாக இருக்க ஹேண்ட் பிரேக்கை எடுத்து, சேம்பரின் பின்னால் இருக்கிற ரிலீஸ் போல்ட்டால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டுங்க. தனியாக வருகிற போல்ட் என்றால் ஓட்டைக்குள் விட்டு கால் சுற்றுத் திருப்பி, கொக்கி பிடித்ததும் நட்டை இறுக்க வேண்டும். போல்ட் வெளியே நீண்டு வந்தால்தான் ஸ்பிரிங் அடங்கியிருக்கிறது. அதன் பிறகு டாங்கிகளில் காற்றை முழுதாக வடித்துவிட்டு முன் கிளாம்ப்பைத் திறங்க. டயஃப்ரத்தை இடது வலது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது. பழையதும் புதியதுமாக இருந்தால் ஒரே அளவாகப் பிடிக்காது. வேலை முடிந்ததும் போல்ட்டைத் திரும்ப விட மறந்தால் அந்தச் சில்லுக்கு ஹேண்ட் பிரேக்கே இருக்காது.

டைட் பண்ணியும் 50இல் நிற்கிறது என்றால் தேய்மானம் வேறு இடத்தில். கேம் ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்க, ஆடினால் புஷ் போய்விட்டது. கிளெவிஸ் பின்னின் ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கிறதா பாருங்க. டிரம்மையும் உள்ளளவு எடுங்க. டிரம்மின் வெளிப்பக்கத்தில் அதன் உச்ச அளவு வார்த்திருக்கும், அதைத் தாண்டியிருந்தால் புது லைனர் போட்டும் பயனில்லை.

கொத்மலை_லொறி

கேம் புஷ்தான் பாஸ். நன்றாக ஆடுகிறது. டயஃப்ரத்தோடு சேர்த்து மாற்றுகிறேன்.

இதோடு ஒரு கேள்வி. அடுத்த வருடம் பிரைம் மூவர் ஒன்று எடுத்து 20 அடி கொள்கலன் இழுக்கிற எண்ணம் இருக்கிறது. ட்ரெய்லரில் இதெல்லாம் எப்படி மாறும்?

கடுகண்ணாவை_ட்ரெய்லர்

ட்ரெய்லருக்கு இரண்டு ஹோஸ் போகும். சிவப்பு எப்போதும் காற்று நிரம்பியிருக்கிற லைன், ட்ரெய்லரின் டாங்கியை நிரப்புவது. மற்றது பெடலை மிதிக்கும்போது மட்டும் அழுத்தம் போகிற லைன். ஐரோப்பிய வகையில் அது மஞ்சள், அமெரிக்க வகையில் நீலம். இரண்டாவது ஹோஸ் சக்தியைக் கொண்டுபோவதில்லை, "இவ்வளவு பிடி" என்ற சேதியை மட்டும் கொண்டுபோகும். ட்ரெய்லரில் இருக்கிற ரிலே வால்வு அந்தச் சேதியைப் பார்த்து, பக்கத்திலிருக்கிற டாங்கியிலிருந்து சேம்பர்களுக்குக் காற்றை விடும். காற்று 10 மீற்றர் ஓடி வந்துதான் பிரேக் பிடிக்க வேண்டும் என்றால் ட்ரெய்லர் பிந்திப் பிடித்து முன்னால் இருக்கிற வண்டியைத் தள்ளும். கடுகண்ணாவை மாதிரி இறக்கத்து வளைவில் அப்படித் தள்ளினால் இரண்டும் மடிந்துவிடும்.

சிவப்பு ஹோஸ் கழன்றாலோ வெடித்தாலோ அந்த லைனில் அழுத்தம் விழும், ட்ரெய்லர் தன் பிரேக்கைத் தானே முழுதாகப் போட்டுவிடும். அதே நேரத்தில் பிரைம் மூவரில் இருக்கிற பாதுகாப்பு வால்வு மூடிக்கொண்டு முன்வண்டியின் காற்றைக் காப்பாற்றும். இரண்டாவது ஹோஸ் வெடித்தால் நீங்க மிதிக்கும் வரை ஒன்றும் தெரியாது. அதனால் அதைத்தான் தினமும் அதிகம் பார்க்க வேண்டும். வளைவில் திரும்பும்போது ஹோஸ் எங்கே உரசுகிறது, கப்ளிங்கின் ரப்பர் வெடித்திருக்கிறதா, இரண்டு லைனிலும் டெப் இருந்தால் திறந்திருக்கிறதா என்று. அமெரிக்க வகைக் கப்ளிங்கில் இரண்டையும் மாற்றிப் பூட்டிவிட முடியும். அப்படிப் பூட்டினால் டாங்கிக்குக் காற்றே போகாது.

கசிவுக் கணக்கு சேர்ந்த வண்டிக்குச் சற்றுக் கூட: மிதிக்காமல் நிமிடத்துக்கு 3 பி.எஸ்.ஐ., மிதித்தால் 4.

பழைய ட்ரெய்லர் வாங்கினால் முதலில் கீழே குனிந்து சேம்பர்களைப் பாருங்க. எல்லாம் ஒற்றைச் சேம்பராக இருந்தால் அதில் ஸ்பிரிங் பிரேக் இல்லை. கழற்றி நிறுத்தினால் டாங்கிக் காற்றில்தான் நிற்கும், காற்று கசிந்து முடிந்தால் தானாக உருளும். நம் பக்கத்தில் சமதரை கிடைப்பதே அரிது, கட்டை இல்லாமல் அதை விட்டுவிட்டுப் போகவே முடியாது. ட்ரெய்லருக்கு மட்டும் தனிக் கை லீவர் இருந்தால் அதையும் பார்க்கிங்குக்குப் பாவிக்கக் கூடாது, அதே காரணம்தான்.

பூட்டியதும் ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டு வைத்து, முதல் கியரில் மெதுவாக முன்னால் இழுத்துப் பாருங்க. கொக்கி பூட்டியிருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். பிறகு பிரேக்கை விட்டு, பத்து மீற்றர் ஓடி ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு வீதியில் ஏறுங்க.